சர்க்கார் சாமியாத்தாள்

மைசூர் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு நோயாளிக்குக் கத்தி வைக்க வேண்டுமென்றால், முதலில் அவனைப் போல இன்னொருவனைச் செய்தாக வேண்டும். அது விதி. அப்படிச் செய்கிற இடத்துக்கு அங்கப் பிரதிமை இலாகா என்று பெயர்.

ஹனூர் தொட்டையனுக்கு இது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். மனைவி சாமியாத்தாளின் கழுத்தில் ஒரு கழலை. போன மாசியில் எலுமிச்சை அளவு இருந்தது. ஆடியில் மாதுளை ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு சீட்டியடித்தது.

கொள்ளேகால் மிஷன் நர்ஸ் விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"வெளியே தெரியறது கொஞ்சம்தான். மிச்சம் உள்ளே மூச்சுக்குழாய் மேல உக்காந்திருக்கு. மைசூர் பெரிய டாக்டருக்கு இது வெங்காயம் உரிக்கிற மாதிரி. உரிச்சுட்டா பொழைச்சுக்குவா. தசரா தாண்ட விட்டா மூச்சு நின்னுடும்."

சாமராஜநகர் வரை மாட்டு வண்டி. அதற்கப்புறம் ரயில். ரயிலில் சாமியாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கொண்டாள்.

"ஏனுங்க, இதை அறுத்துப் போட்டா நான் எடை கொறைஞ்சு போவனே. அப்பறம் என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டு மாதேஸ்வரன் மலை ஏறுவீங்களா?"

"இந்த வயசுல தூக்கறதா? உருட்டிக்கிட்டுத்தான் போவோணும்."

"உருட்டுங்க. மேல்முகமா உருட்டுங்க, பாக்கலாம்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது பெரிய டாக்டரே எதிரில் வந்தார். தொட்டையன் கும்பிட்டு ஓடினான். டாக்டருக்கு முன்னால் நடந்த சேவகன் சட்டென்று ஒரு கறுப்புக் குடையை விரித்து, டாக்டரின் முகத்துக்கும் சாமியாத்தாளுக்கும் நடுவில் பிடித்தான். குடை நகர்ந்து போனது. குடைக்குப் பின்னால் டாக்டர் போனார்.

பிரதிமையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியைப் பார்த்தால் டாக்டரின் கணிப்பு கலங்கிவிடும். அதனால் குடை. இதைக் கன்னடம் கலந்த தமிழில் விளக்கியவர் குமாஸ்தா லிங்கப்பன்.

"பிரதிமை எல்லி? கொண்டு வந்தியா?"

"எதுங்க சாமி?"

"பொம்மை, ஐயா. உன் ஹெண்டத்தியோட, சம்சாரத்தோட பொம்மை."

"பொம்மை எதுக்குங்க? ஆளே வந்திருக்குதுங்களே."

லிங்கப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆளை யார் பார்க்கிறாங்க? நட, நட. இலாகாவுக்கு நட."

இலாகா பழைய குதிரைலாயம் ஒன்றில் இருந்தது. வெள்ளையடித்து, திரை கட்டியிருந்தார்கள். டைரக்டர் சென்னையில் படித்தவர். தமிழ் நன்றாக வரும். ஆனால் ஒருவரிடம் பேசினாலும் மேடையில் பேசுகிற தமிழ்தான் வரும்.

"நோயாளி என்பவன் யார்?" என்று சாமியாத்தாளின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் புருஷனைப் பார்த்தாள். "நோயைப் பற்றி நம்பத்தகாத சாட்சி. அழுகிறான். நெளிகிறான். நேற்று இங்கே வலித்தது என்கிறான், இன்று அங்கே என்கிறான். பிரதிமை அழுவதில்லை. பொய் சொல்வதில்லை. அதற்கு நாற்றமில்லை. ஐரோப்பாவில் இன்னும் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். பாவம். நான் இந்த இலாகாவை ஏற்ற நாளிலிருந்து ஒரு நோயாளியைக் கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்று பெருமையோடு சொல்வேன். எந்த ஊர்?"

"ஹனூருங்க."

"அது பிரிட்டிஷ் எல்லையாயிற்றே!"

தொட்டையன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தான்.

"அயல்நாட்டுக் கழுத்து," என்றார் டைரக்டர், லிங்கப்பனிடம். முகம் மலர்ந்துவிட்டது. "தசராப் பொருட்காட்சிக்கு நம்மிடம் அயல்நாட்டு அங்கம் ஒன்றுகூட இல்லை. உடனே ஆகட்டும்."

வட்டமான கூடம். நடுவில் ஒரு மரமேடை. சுற்றிலும் பன்னிரண்டு காமிராக்கள், கல்யாண வீட்டில் மணப்பெண்ணைச் சுற்றி நிற்கும் கிழவிகளைப் போல, கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு நின்றன. ஒரே கணத்தில் பன்னிரண்டும் படம் எடுக்கும். ஒவ்வொரு படத்திலும் தெரிகிற உடம்பின் விளிம்பை ஒரு பலகையில் வரைந்து அறுப்பார்கள். பலகைகளை நடுவில் சேர்த்து, இடைவெளியில் களிமண்ணை அப்பி, அதிலிருந்து சாந்தில் வார்ப்பார்கள். ஆள் அப்படியே எழுந்து வந்துவிடும்.

ஆடாமல் நிற்பதற்காகக் கழுத்தைப் பின்புறமிருந்து கவ்விப் பிடிக்க ஓர் இரும்பு வளையம் இருந்தது. டைரக்டரின் சேவகனுடைய கழுத்தை அளந்து செய்தது. சாமியாத்தாள் கழுத்துக்கு அது மூடவில்லை.

"கழுத்து தொட்டதா, பெருசா இருக்கு சார். வளையம் ஹிடிக்கலை," என்றார் லிங்கப்பன்.

"வளையத்தில் தவறில்லை," என்றார் டைரக்டர்.

கடைசியில் அவள் சடையைப் பின்னாலிருந்த ஓர் ஆணியில் கட்டினார்கள். லூர்துராஜ் என்கிற இளைஞன் பிளேட்டுகளைப் பொருத்தினான். கண்டோன்மெண்டில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவன்தான் அங்கே தொட்டையனை முதன்முதலாக 'அண்ணா' என்று கூப்பிட்டவன்.

"சும்னே நில்லும்மா. மணி அடிச்சா மூச்சு விடக்கூடாது," என்றார் லிங்கப்பன்.

"மூச்சு விடோணும்னுதானுங்க சாமி இத்தனை தூரம் வந்திருக்கறோம்," என்றாள் சாமியாத்தாள்.

மணி அடித்தது. அவள் மூச்சை அடக்கினாள். முகம் கறுத்தது. மறுபடி மணி அடித்ததும் ஆணியில் கட்டிய சடையோடு அப்படியே தொங்கினாள். தொட்டையன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான்.

"பிரமாதம்," என்றார் டைரக்டர், காமிராக்களைப் பார்த்து. "துளிகூட ஆடவில்லை."

சாந்து காய மழை விடவில்லை. சத்திரத்தில் காத்திருந்தார்கள். முதலில் ராகிக் களி இறங்காமல் போனது. பிறகு கூழ். கூழில் நீர் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் நீரில்தான் கொஞ்சம் கூழ் இருந்தது. இரவில் அவள் உட்கார்ந்தே தூங்கினாள். தொட்டையன் அவள் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். சீட்டிச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான். சத்தம் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம்.

ஒருநாள் லிங்கப்பன் ஆளனுப்பினார். பிரதிமை தயார்.

வெள்ளைத் துணியை விலக்கினார்கள். சாமியாத்தாள் நின்றாள். அவளே. அதே நெற்றி, அதே தடித்த கீழுதடு, அதே காது. கழுத்து மட்டும் சங்கு மாதிரி வழவழவென்று இறங்கியது. கழலை இல்லை. கழலை இருந்த சுவடும் இல்லை.

சாமியாத்தாள் அதைச் சுற்றி வந்தாள்.

"யாருங்க இவ? எனக்குத் தெரியாம ரெண்டாந்தாரம் கட்டிப்போட்டீங்களா?"

"சும்மா இரு புள்ளை."

"நல்லாத்தான் இருக்கறா. என்னையாட்டவே இருக்கறா. உங்களுக்கு வேற மூஞ்சி கெடைக்கலையா?"

தொட்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்தன்று பார்த்த கழுத்து அது. பார்க்கப் பார்க்க அவனுக்குப் பயமாயிருந்தது.

பெரிய டாக்டர் வந்தார். குடை பிடிக்கப்பட்டது. குடைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் சாந்துச் சாமியாத்தாளும். இந்தப் பக்கம் தொட்டையனும் உயிருள்ளவளும். டாக்டர் கழுத்தைத் தட்டினார். தடவினார். காதை வைத்துக் கேட்டார்.

"கழுத்து உன்னதம். மூக்கு நுனியில் ஒரு வெடிப்பு," என்றார். மூக்குக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"சாமி! சாமி, இந்தப் பக்கம் ஒருக்கா பாருங்க! கழலை இங்க இருக்குதுங்க!" தொட்டையன் குடையைப் பிடித்து இழுத்தான். சேவகன் விடவில்லை.

"யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதே?" என்றார் டாக்டர்.

"உறவுக்காரர் சார்," என்றார் லிங்கப்பன்.

"உறவுக்காரர்களுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

தொட்டையன் டைரக்டரின் காலில் விழுந்தான். டைரக்டர் நியாயமானவர். புகாரை விசாரிக்காமல் தள்ளுகிறவரல்ல. பன்னிரண்டு படங்களையும் வரவழைத்துப் பிரதிமையைச் சுற்றி நிறுத்தினார். படத்தைப் பார்த்தார், பிரதிமையைப் பார்த்தார். ஒன்றிலும் கழலை இல்லை. பிறகு, தம் உத்தியோக வாழ்வில் முதன்முறையாக, ஒரு நோயாளியை, சாமியாத்தாளை, நேராகப் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

"படங்களும் பிரதிமையும் ஒத்திருக்கின்றன. ஒத்துப் போகாதது இந்த அம்மாள் மட்டும்தான். இலாகா இதற்காக அவர் மீது நடவடிக்கை எடுக்கப் போவதில்லை."

"இன்னொருக்கா படம் எடுங்க சாமி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"ஓர் ஆளுக்கு ஒரு பிரதிமை. இரண்டாவது செய்தால் சமஸ்தானத்தில் இரண்டு சாமியாத்தாள் ஆகிவிடுவார்கள். அப்புறம் எது அசல் என்று யார் சொல்வது?"

வெளியே வந்தபோது லூர்துராஜ் பின்னாலேயே ஓடி வந்தான். தூணுக்கு மறைவில் கூப்பிட்டான்.

"அண்ணா, என்னை அடிங்க."

"எதுக்கு தம்பி?"

"கழலையை எடுத்தது நான்தான்." அவன் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஸ்டுடியோக்காரன், அண்ணா. கண்ணாடிப் பிளேட்ல மரு இருந்தா சுரண்டுவோம். அம்மைத் தழும்பு இருந்தா பென்சில் பூசி மறைப்போம். அதுதான் தொழில். படம் எடுக்க வந்த யாரும் மருவை விட்டு வைங்கன்னு சொன்னதில்லை. அக்கா பிளேட்டைப் பார்த்தேன். பாவம், தசராவில ஊரே பார்க்குமேன்னு நெனைச்சேன். கை தானாப் போயிடுச்சு. பன்னண்டுலயும் சுரண்டிட்டேன்."

  சாமியாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"மனசு நல்ல மனசுதான் தம்பி. கைதான் பொல்லாத கை."

"இதைப் போய் டைரக்டருகிட்டச் சொல்லலாமல்ல?" என்றான் தொட்டையன்.

"காலையிலேயே சொல்லிட்டேன் அண்ணா. 'சுரண்டினது நீயில்லை, இலாகா. இலாகா சுரண்டினா அது இல்லைன்னு அர்த்தம்'னுட்டார்."

லூர்துராஜ் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "படத்தில வரையத்தான் முடியாது. பொம்மையில ஒட்டலாம்."

மத்தியானம் இலாகா முழுக்கத் தூங்கியது. குடைச் சேவகனும் அங்கேயே குடையைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். லூர்துராஜ் களிமண் பிசைந்தான். சாமியாத்தாளைப் பிரதிமைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கழலையை விரலால் தடவி அளவு பார்த்தான். மைசூருக்கு வந்ததிலிருந்து அதைத் தொட்டுப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"வலிக்குதா அக்கா?"

"நீ ஒட்டு. கொஞ்சம் பெருசாவே ஒட்டு. சின்னதா ஒட்டிப் போட்டா அப்பறம் டாக்டரு கண்ணுக்குத் தெரியலீன்னுருவாரு."

ஒட்டினான். அதன் மேல் வெள்ளை பூசினான். அச்சு அசல்.

மறுநாள் டாக்டர் அதைப் பார்த்துத் துள்ளிவிட்டார். டைரக்டர் மரமேடையில் ஏறி நின்றார்.

"நண்பர்களே," என்றார். அங்கே டாக்டரையும் தொட்டையனையும் விட்டால் இருந்தது லிங்கப்பனும் குடைச் சேவகனும்தான். "பிரதிமை தானாகவே நோய்வாய்ப்பட்டிருக்கிறது. இதுவரை மனிதனைப் பார்த்துப் பிரதிமை செய்தோம். இனி பிரதிமையைப் பார்த்து மனிதன் நடந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது. சிகிச்சை தசராப் பொருட்காட்சி மண்டபத்திலேயே நடக்கும். பிரமுகர்கள் முன்னிலையில்."

"உடனே கத்தி வெப்பாங்களா சாமி?"

"விஜயதசமிக்கு முன்பே."

தொட்டையன் சத்திரத்துக்கு ஓடினான். வழியில் தேவராஜா மார்க்கெட்டில் ஒரு முழம் மல்லிகை வாங்கினான். அன்று சாமியாத்தாளுக்கு நாலு மடக்கு நீர் இறங்கியது.

குறித்த நாளில் அவளைக் குளிப்பாட்டி, துவைத்த சேலை கட்டி, வெறும் வயிற்றோடு கூட்டிப் போனான். மண்டபத்தில் பாண்டு வாசித்தார்கள். பிரமுகர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கை கழுவினார், துணி முகமூடி கட்டினார். சாமியாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நீ உக்காரும்மா," என்றார் லிங்கப்பன்.

சக்கரம் வைத்த மேஜையில் சாந்துச் சாமியாத்தாளை உருட்டி வந்தார்கள். டாக்டர் கத்தியை எடுத்தார். ஒரே வீச்சு. கழலை தட்டில் விழுந்தது. நர்ஸ் சொன்னது உண்மைதான். வெங்காயம் உரிக்கிற மாதிரிதான் இருந்தது. பிரமுகர்கள் கைதட்டினார்கள். டாக்டர் கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டார்.

தொட்டையன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு டைரக்டரிடம் போனான்.

"சாமி, அடுத்தது இவளுக்குத்தானுங்களே?"

"கட்டாயம். பிரதிமையில் புண் ஆறியதும்."

"அது... சாந்துங்க சாமி."

"அவசரப்பட்டு உடம்பை வெட்டிவிட்டு, பிறகு பிரதிமையில் ஆறாமல் போனால் யார் பொறுப்பு? நீயா?"

பிரதிமையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வேளைக்குப் பால் வந்தது. உறவுக்காரர்கள் தரையில் படுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்படித்தான் சாமியாத்தாள் ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடிந்தது.

"அவளுக்குக் கட்டிலு, எனக்குத் தரையா?" குரல் போய்விட்டது. காற்றாகத்தான் பேசினாள். "மூத்த தாரம்னா இப்படித்தானாட்டிருக்குது."

தொட்டையன் கட்டிலுக்கு வந்த பாலை எடுத்து அவள் வாயில் விட்டான். கடைவாயில் வழிந்தது.

"ஏனுங்க. ஆறிருச்சான்னு பாருங்க."

அவன் எழுந்து பிரதிமையின் கட்டை அவிழ்த்துப் பார்த்தான். கத்தி பட்ட இடத்தில் சாந்து சொரசொரவென்று இருந்தது. மறுபடி கட்டினான். சாயங்காலம் மறுபடி அவிழ்த்தான். அடுத்த நாள் எங்கிருந்தோ மஞ்சளும் வேப்பிலையும் கொண்டுவந்து அரைத்து, பிரதிமையின் கழுத்தில் பற்றுப் போட்டான். பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். தொட்டையன் காதில் விழவில்லை. கையைக் கூப்பிக் கட்டிலுக்கு முன்னால் நின்றான்.

"மாதேஸ்வரா, இந்தச் சாந்துக்குப் புண்ணாத்திக் குடு. உன்ற மலைக்கு உருண்டே வர்றன். மேல்முகமா உருண்டு வர்றன்."

விஜயதசமிக்கு மறுநாள் பட்டப்பகலில் சீட்டிச் சத்தம் நின்றது. தொட்டையன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் கை அவன் வேட்டியைப் பிடித்திருந்தது. பிடி விட்டபோது அவனுக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் சுற்றுக்கு வந்தார். குடை விரிந்தது. கட்டிலில் இருந்தவளின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஆறவில்லை. ஆனால் சீழ் பிடிக்கவில்லை. நல்ல அறிகுறி. உறவுக்காரரை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

லிங்கப்பன் குடையைச் சுற்றி வந்தார். தரையில் கிடந்தவளைப் பார்த்தார். 

"கேட்டுச்சுங்க," என்றான் தொட்டையன், சாமியாத்தாளின் முந்தானையை இழுத்து அவள் முகத்தை மூடியபடி. "பொறுக்கறனுங்க. இனி ஒண்ணும் அவசரமில்லீங்க."

அந்தக் காலத்தில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. லூர்துராஜ் இரவல் காமிராவைச் சுமந்துகொண்டு மயானத்துக்கு வந்தான். அழுதுகொண்டே முக்காலியை நிறுத்தினான்.

"தம்பி," என்றான் தொட்டையன், "இந்தத் தடவை கையைக் கட்டிக்க."

"தொட மாட்டேன், அண்ணா."

இலாகா நெடுங்காலம் நடந்தது. சாந்துச் சாமியாத்தாள் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றாள், கழுத்தில் கட்டோடு. 'கழலையிலிருந்து விடுபட்ட அயல்நாட்டுப் பெண்' என்று எழுதி வைத்திருந்தார்கள். வந்த பிரமுகர்களிடமெல்லாம் டைரக்டர், இவர் இன்றுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை என்றார். அது உண்மை.

ஹனூரில் தொட்டையன் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருந்தது. நாற்காலியில் சாமியாத்தாள். துவைத்த சேலை, காய்ந்த மல்லிகை, கழுத்தில் கழலை. பார்க்க நன்றாயில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருமுறை கொள்ளேகால் பட்டு வியாபாரி ஒருவர், விவரம் தெரிந்தவர், மனம் பொறுக்காமல் சொன்னார்:

"இப்பெல்லாம் படத்துல எதை வேணும்னாலும் எடுத்துப் போடறாங்களே தொட்டையா. அந்தக் கழலையை எடுத்துப் போடச் சொல்லியிருக்கலாமல்ல?"

"எடுத்தாங்க," என்றான் தொட்டையன். "அதுலதானுங்க அவ போனா."